பின்னம் கூட்டவே வராமல் பி.காம். சேர்ந்துவிட்டேன், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: பிளஸ் டூவில் வரலாறு குரூப் படித்தேன். இப்போது திருவாரூர் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு. பிசினஸ் மேத்ஸ் வகுப்பில் சார் போடும் கணக்கில் முதல் இரண்டு வரி புரிகிறது. பின்னம் வந்ததும் கோட்டை விட்டுவிடுகிறேன். சதவீதமும் தடுமாற்றம்தான். எழுந்து கேட்டால் 'இது ஆறாங்கிளாஸ் கணக்காச்சே' என்று சிரிப்பார்களோ என்று பயம். அடிப்படையை எப்படிப் பிடிப்பது? டியூஷன் சேர வேண்டுமா?

பதில்:

தம்பி, முதலில் உங்கள் படிப்பையே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2025ல் கல்லூரிக்கு வந்திருந்தால், 2019-20ல் நீங்கள் ஏழாம் வகுப்பு. நம் பாடத்திட்டத்தில் சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் வரும். அந்தப் பருவம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். எட்டாம் வகுப்பை நீங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது நேராக ஒன்பதாம் வகுப்பு. அங்கே போனதும் இயற்கணிதம், முக்கோணவியல் என்று வண்டி வேகமெடுத்துவிட்டது. பத்தாம் வகுப்போடு கணக்கு முடிந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. ஆக, எந்தப் பாடம் விட்டுப்போனது என்று தேதி போட்டே சொல்லிவிடலாம். அது நல்ல செய்தி. 'எனக்குக் கணக்கே வராது' என்பதற்கு மருந்து கிடையாது, 'ஏழாம் வகுப்பு கடைசிப் பருவமும் எட்டாம் வகுப்பும் விட்டுப்போச்சு' என்பதற்கு உண்டு.

சிரிப்பார்கள் என்ற பயத்துக்கு ஒரு பழைய புள்ளிவிவரம் சொல்கிறேன். 1978ல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த ஒரு கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: 12/13 + 7/8, இதன் விடை ஏறத்தாழ எவ்வளவு? கணக்குப் போட வேண்டாம், தோராயமாகச் சொன்னால் போதும். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. சரியான விடை 2. அதைத் தொட்டவர்கள் 24 சதவீதம் பேர்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. தஞ்சாவூர், திருவாரூர் வட்டாரக் கல்லூரிகளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு பிரிட்ஜ் கோர்ஸ் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இங்கேயும் 19 என்றுதான் முதல் குரல் வரும். அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் கூட்டல், கழித்தலில் தொடங்கி பின்னம், தசமம், சதவீதம் வரை ஒரு தனிப் பாடமாகவே பல்லாண்டுகளாக நடத்தியிருக்கிறார்கள். உங்கள் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இருப்பவரும் புரியாமலே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவராகத்தான் இருப்பார்.

12/13 என்பதில் அந்தப் பிள்ளைகள் கண்டது 12, 13 என்ற இரண்டு எண்களை. அது ஒரே எண், ஒன்றுக்கு ஒரு துளி குறைவு என்று தெரிந்திருந்தால் 19 என்று சொல்ல வாய் வராது. நோய் இதுதான். இதற்கு ஒரே ஒரு கேள்வியை நீங்கள் பழக்கமாக்கிக்கொண்டால் போதும் என்பது என் கட்சி: 'எதில்?' முக்கால் என்றால் எதில் முக்கால்? 18 சதவீதம் என்றால் எதில் 18? இரண்டு வட்டி என்றால் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு? முதலாண்டு கணக்கில் விழுகிறவர்கள் பெரும்பாலும் பெருக்கலில் விழுவதில்லை, இந்த 'எதில்' தெரியாமல்தான் விழுகிறார்கள்.

பின்னத்திலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் அது சரியானால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

வீட்டில் நிலம் இருக்கிறதோ இல்லையோ, மா, குழி என்று காதில் விழுந்திருக்கும். நம் பக்கத்துக் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு குழி 144 சதுர அடி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இப்போது அரை மாவும் கால் மாவும் சேர்த்தால் எவ்வளவு? முக்கால் மா என்று யோசிக்காமலே சொல்லிவிடுவீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்று நிதானமாகப் பாருங்கள். அரை மா 50 குழி, கால் மா 25 குழி, சேர்த்தால் 75 குழி, அது முக்கால் மா. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்டினீர்கள். 'பகுதியைச் சமமாக்கு' என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான்.

அடுத்து 1/2 + 1/3. இங்கே குழி கைகொடுக்காது. நூறு குழி மூன்றாகச் சரிசமமாகப் பிரியாது. அப்படியானால் பாதியாகவும் பிரிய வேண்டும், மூன்றாகவும் பிரிய வேண்டும், அப்படி ஒரு பங்கு அளவு எது? 6. ஒரு மாவை 6 பங்காகப் போட்டால் பாதி 3 பங்கு, மூன்றில் ஒன்று 2 பங்கு, மொத்தம் 5 பங்கு. விடை 5/6. மீ.சி.ம என்று பள்ளியில் உருப்போட்டது வெறும் இதுதான்: இரண்டு பேருக்கும் பொருந்துகிற பங்கு. பெரிய பங்கு எண்ணை எடுத்தாலும் குடி முழுகிவிடாது. 12 பங்காகப் போட்டால் 6 + 4, 10/12, சுருக்கினால் அதே 5/6. மீ.சி.ம கண்டுபிடிக்க வரவில்லை என்று கணக்கையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பகுதிகளையும் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும். சுருக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வகுப்பில் அதிகம் பேர் எழுதும் விடையைப் பாருங்கள்: 1/2 + 1/3 = 2/5. மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டியாயிற்று. 2/5 மா என்றால் 40 குழி. அரை மா, அதாவது 50 குழி வைத்திருந்தவர், இன்னும் கொஞ்சம் நிலம் வாங்கியதும் 40 குழிக்கு இறங்கிவிட்டாரா? விடையை எழுதியதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தப்பு அங்கேயே பிடிபட்டிருக்கும். சரியான விடை என்ன என்று தெரியாதபோதும் எது சரியாக இருக்கவே முடியாது என்று தெரியும். கணக்கில் அது பெரிய பலம், தேர்வில் மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதும் அதுதான்.

பெருக்கல் இதைவிட எளிது. 240ல் முக்கால் எவ்வளவு? கால் 60, மூன்று கால் 180. பின்னத்தோடு வரும் பெருக்கல் குறியை 'இல்' என்று வாசித்துப் பாருங்கள். 1/2 × 1/3 என்றால் மூன்றில் ஒரு பங்கில் பாதி, அதாவது ஆறில் ஒன்று. அப்படி வாசித்தால், பெருக்கினால் எண் குறைகிறதே என்ற குழப்பமும் போய்விடும். வகுத்தலிலும் இப்படி ஒரு பயம் உண்டு. 3 ÷ 1/2 = 6 என்றால், வகுத்தபின் எப்படிக் கூடும்? மூன்று மாவை அரை அரை மாவாக அண்டை போட்டுப் பிரித்தால் எத்தனை துண்டு? ஆறு. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற சூத்திரம் இங்கிருந்துதான் வருகிறது. சூத்திரம் மறந்தாலும் துண்டை எண்ணிக்கொள்ளலாம்.

'கேன்சல்' பண்ணுவதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். (6 + 3)/3 என்று இருந்தால் மேலே ஒரு 3, கீழே ஒரு 3, இரண்டையும் அடித்துவிட்டு 6 என்று எழுதுகிற கை நிறைய. 9/3 = 3 என்பது கண்முன் இருக்கிறது. மேலே கூட்டல் இருந்தால் அடிக்கக் கூடாது, பெருக்கல் இருந்தால்தான் அடிக்கலாம். இந்த ஒரு பிழை பி.காம். மூன்றாம் ஆண்டு வரை கூடவே வரும், இப்போதே வெட்டிவிடுங்கள்.

பின்னத்துக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்தைக் குறுக்காக வைத்து, 0லிருந்து 2 வரை ஒரு கோடு வரையுங்கள். அதில் 1/8, 3/4, 7/8, 12/13, 5/4, 1/3, 2/5, 11/6 என்று தினமும் ஏழெட்டுப் பின்னங்களை இடம் பார்த்துக் குறியுங்கள். கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம், இடம் மட்டும். பாதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஒன்றுக்கு முன்னா பின்னா என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்வரை செய்யுங்கள். சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். அதைச் செய்யாமல் நேரே கூட்டலுக்குப் போனவர்கள்தான் மறுபடி 2/5க்கு வந்து நிற்கிறார்கள்.

சதவீதத்துக்கு வருவோம். இதில் கணக்கு ஒன்றுமே இல்லை, நூறைப் பகுதியாக வைத்த பின்னம்தான். ஆனால் 'எதில்?' என்ற கேள்வி இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தளர்வு கேட்டுக் குரல் எழுவது ஒவ்வொரு வருடமும் பார்ப்பதுதான். 100 கிலோ நெல், ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைத்து 17க்குக் கொண்டுவருகிறோம். இப்போது எடை எவ்வளவு? கேட்டவுடன் எல்லோரும் சொல்வது 97 கிலோ. மூன்று சதவீதம் குறைந்தது, மூன்று கிலோ குறைந்தது. சரிதானே?

சரியில்லை. தொடக்கத்தில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ காய்ந்த சரக்கு. வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், அந்த 80 கிலோவைத் தொடாது. காய்ந்த பிறகு தண்ணீர் 17 சதவீதம் என்றால் சரக்கு 83 சதவீதம். எதில் 83? பழைய 100 கிலோவில் இல்லை, காய்ந்த பிறகு இருக்கும் புது எடையில். ஆக, புது எடையில் 83 சதவீதம் = 80 கிலோ. புது எடை 80 ÷ 0.83, கிட்டத்தட்ட 96.39 கிலோ. குறைந்தது 3 கிலோ இல்லை, 3.6 கிலோ. குவிண்டாலுக்கு 600 கிராம் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 60 குவிண்டால் வைத்திருப்பவருக்கு அது 37 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் 900 ரூபாய்க்கு மேல். 20 சதவீதத்தில் பேசும்போது முழுமை ஒன்று, 17 சதவீதத்தில் பேசும்போது முழுமை வேறு. இரண்டையும் நேராகக் கழிக்க முடியாது. இந்த ஒரு கணக்கைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் போட்டு, வீட்டில் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால், உங்களுக்குச் சதவீதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதே நெல்லில் இன்னொன்று. 2025-26ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில அரசு ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500. 40 கிலோ சிப்பத்துக்கு எவ்வளவு? 2,500ல் 0.4, ஆயிரம் ரூபாய். அந்த 131 எத்தனை சதவீதம்? ஆதரவு விலையில் என்றால் சுமார் 5.5, மொத்தத் தொகையில் என்றால் சுமார் 5.2. இரண்டு பேர் இரண்டு எண் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது, 'எதில்?' என்று கேட்டால் தீர்ந்தது.

பி.காம். மாணவர் தினமும் பார்க்கப்போவது ஜிஎஸ்டி. 18 சதவீத வரியோடு சேர்த்து 1,180 ரூபாய் பில். வரி எவ்வளவு? 1,180ல் 18 சதவீதம் எடுத்து 212 ரூபாய் 40 காசு என்று எழுதினால் தப்பு. வரி போட்டது வரி சேர்க்காத விலையின் மேல், பில் தொகையின் மேல் இல்லை. பில் தொகை என்பது அந்த விலையில் 118 சதவீதம். எனவே 1,180 × 18/118 = 180. விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலைக்கு வராததற்கும் இதே காரணம்: 100, 120 ஆகி, 96க்கு இறங்கும். ஏற்றியது நூறில், இறக்கியது நூற்றிருபதில்.

வட்டியில் 'எவ்வளவு காலத்துக்கு?' என்பதும் சேர்ந்துகொள்ளும். ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். கல்லூரிச் சூத்திரத்தில் வட்டி வீதம் ஆண்டுக்கு. 5,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு ஆறு மாதம் வாங்கினால், வீதம் 2, காலம் அரை ஆண்டு என்று போட்டால் 50 ரூபாய் வரும். கடன் கொடுத்தவர் சிரிப்பார். வீதம் 24, காலம் அரை என்று போடுங்கள், 600 வரும். தண்டல்காரரிடம் 10,000 எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்தால், வட்டி 10 சதவீதம் என்பார்கள். உங்கள் கைக்கு வந்தது ஒன்பதாயிரம்தான். அதில் ஆயிரம் 11.1 சதவீதம். தினமும் நூறு நூறாகக் கட்டி அசல் குறைந்துகொண்டே போவதையும் சேர்த்தால் உண்மை வீதம் எங்கோ போகும். அது ஆன்யுட்டி (சம தவணைக் கணக்கு) பாடத்தில் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை இவ்வளவு நேரம் கேட்காது. ஒரு தாளை எடுத்து, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, இவற்றைப் போட்டுப் பாருங்கள்: 1206 ÷ 6, −3 − 5, 8 − 3 + 2, 0.35ம் 0.4ம், இரண்டில் எது பெரியது, 2.5 மணி நேரம் என்றால் எத்தனை நிமிடம்.

முதலாவதில் 21 வந்திருந்தால் நடுவில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டீர்கள். 1200ஐ ஆறாக வகுத்தால் 200 என்ற தோராயம் கையில் இருந்தால் 21 எழுத மனம் வராது, விடை 201. இரண்டாவதில் பாதி வகுப்பு 8 என்று எழுதும். 'மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்' என்பது பெருக்கலுக்கான விதி. அதைக் கூட்டலுக்கும் இழுத்து வருவதால் வரும் வினை. மேட்டூர் அணை நீர்மட்டம் போன வாரம் 3 அடி இறங்கியது, இந்த வாரம் 5 அடி இறங்கியது. மொத்தம் 8 அடி ஏறியதா? விடை −8. பெருக்கலுக்கு ஏன் பிளஸ் என்றும் அங்கேயே பார்க்கலாம்: நாளுக்கு ஓர் அடி இறங்குகிறது என்றால் நான்கு நாளுக்கு முன்பு இன்றைவிட நான்கு அடி அதிகம், (−1) × (−4) = 4.

மூன்றாவதில் 3 என்று எழுதியிருந்தால், போட்மாஸில் (எதை முதலில் செய்வது என்ற வரிசை விதி) கூட்டல் எழுத்து முன்னால் இருப்பதால் கூட்டலை முதலில் செய்திருக்கிறீர்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகப் போக வேண்டும்; 7. கால்குலேட்டரை நம்பி இதை விட்டுவிடவும் முடியாது. கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரில் 2 + 3 × 4 அடித்தால் 20 வரும், செல்போனில் 14 வரும். இரண்டும் பழுதில்லை, போகும் முறைதான் வேறு. 14 தான் நமக்கு வேண்டியது. நான்காவது 0.4; அது 40 காசு, மற்றது 35 காசு. ஐந்தாவது 150 நிமிடம்.

வாய்ப்பாடு பத்து வரை கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வர வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு வரவில்லை என்று கவலைப்படாதீர்கள், 16 × 7 என்றால் 70 + 42. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும்தான் பலருக்கு இடறும். பஸ்ஸில் போகும் நேரம் போதும்.

பெரிய எண்களில் கை வசப்பட ஒரு கணக்கு, நம் ஊர்ச் செய்தித்தாளிலிருந்தே. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. மேட்டூர் நிரம்பினால், அதாவது 120 அடியில், 93.47 டிஎம்சி. வினாடிக்கு 12,000 கன அடி திறந்துவிட்டு, வரத்தே இல்லையென்றால் எத்தனை நாள் வரும்? அடிமட்டத்தில் எடுக்க முடியாமல் நிற்கும் தண்ணீரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் நூற்று மூன்று கோடியே அறுபத்தெட்டு லட்சம் கன அடி, ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல். ஆக ஏறத்தாழ 90 நாள். ஜூன் 12ல் திறந்தால் செப்டம்பர் இரண்டாம் வாரம். அலகு மாற்றம், பெருக்கல், வகுத்தல், தோராயம் நான்கும் ஒரே கணக்கில். வட்டார எண்களை வைத்து இப்படி வாரம் ஒன்று நீங்களே உருவாக்கிப் போட்டுப் பாருங்கள், புத்தகப் பயிற்சியைவிட இது நிற்கும்.

அடுத்து, எந்த வரிசையில், எப்போது என்ற கேள்வி. 'இந்த செமஸ்டர் போகட்டும், முதலில் அடிப்படையை முடித்துவிட்டு அப்புறம் பிசினஸ் மேத்ஸ்' என்று திட்டம் போடாதீர்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அடிப்படை இயற்கணிதம் தேவை என்று மதிப்பிடப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை வழக்கமான அடிப்படை வகுப்பிலும், இன்னொரு பிரிவை நேரடியாகக் கல்லூரி நிலைப் புள்ளியியல் வகுப்பில் போட்டுக் கூடவே வாராந்திரப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2016ல் வெளியான முடிவு: அடிப்படை வகுப்பில் தேறியவர்கள் சுமார் 39 சதவீதம், நேரடியாகப் போனவர்கள் சுமார் 56 சதவீதம். பாடம் இரண்டும் வேறுவேறு என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டிவிட முடியாது. ஆனாலும் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவு அடிப்படையைப் படிப்பதுதான் ஓடும் என்பது என் அனுபவமும். வகுப்பில் விகிதம் நடக்கிறதா, அந்த வாரம் பின்னத்தைச் சுருக்குவதைப் பாருங்கள். வட்டி நடக்கிறதா, சதவீதத்தைப் பாருங்கள். சராசரி, குறியீட்டு எண் வரும்போது தசமம்.

புத்தகம் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகம் இன்னும் நல்லது. தமிழ் வழியில் படித்தவர் என்றால் இரண்டு வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சார் 'நியூமரேட்டர்' என்றால் தொகுதி, 'டினாமினேட்டர்' என்றால் பகுதி, 'எல்.சி.எம்.' என்றால் மீ.சி.ம, 'புரொபோர்ஷன்' என்றால் விகிதசமம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதி வாருங்கள். கணக்குத் தெரிந்தும் சொல் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு, அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம்.

வகுப்பில் எழுந்து கேட்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். 'சார், புரியலை' என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. நீங்கள் போட்ட தாளை நீட்டி, 'சார், இந்த வரி வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு அடுத்து எப்படி இது வந்துச்சு?' என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அப்படி வரும் பையனைத் திருப்பி அனுப்பும் கணக்கு ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

'ராமானுஜன் படிச்ச மண்ணுல இருந்துக்கிட்டு பின்னம் கூட்டத் தெரியலையா' என்று கும்பகோணம் பக்கம் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தவர் அவர். அந்தப் பெயரை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

இந்த உழைப்பு பிசினஸ் மேத்ஸோடு போய்விடாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல் 200 கேள்வியில் 25 திறனறிவுக் கேள்விகள். சுருக்குதல், விழுக்காடு, மீ.பெ.கா, மீ.சி.ம, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும் என்று பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் வரும். நீங்கள் இப்போது படிக்கப்போகும் அதே பாடங்கள்.

டியூஷன் விஷயம். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். டியூஷனில் பெரும்பாலும் செமஸ்டர் கேள்வித்தாளைத்தான் போட்டுக் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது ஏழாம் வகுப்புப் பாடம், அதை அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். உங்களைப் போலவே தடுமாறும் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, முதல் இன்டர்னல் வரை தினமும் அரை மணி நேரம், கோட்டில் பின்னம் குறிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இன்டர்னலுக்கு அப்புறமும் பின்னக் கூட்டலிலேயே நின்றால், அப்போது ஆள் தேடலாம். அதுவும் கல்லூரி டியூஷன் சென்டராக இல்லாமல், உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியராகப் பாருங்கள். இந்தப் பாடத்தைத் தினமும் நடத்துபவர் அவர்தான்.